தரை அதிர்கிறதா என்று கேட்டார்கள்

1

எங்கள் வீட்டுச் சமையலறையில் மேல் அலமாரிகள் எல்லாம் காலி. தட்டு, டம்ளர், ஊரிலிருந்து சுமந்து வந்த குக்கர், குழந்தையின் பால் புட்டி எல்லாவற்றையும் இடுப்புக்குக் கீழே, சுவரை ஒட்டித் தள்ளி வைத்திருக்கிறேன். கண்ணாடிச் சாமான்கள் தரையில். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த நகரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இதில் விசேஷமாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

இங்கே குழந்தை பிறந்தால் ஒரு நர்ஸ் வீடு தேடி வருவார். குழந்தையை எடை போடுவார், தாயிடம் நாலு வார்த்தை பேசுவார். எனக்கு வருபவர் மார்கரெட். ஐம்பது வயதிருக்கும், நல்ல மாதிரி. இரண்டு மாதத்துக்கு முன் வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் குனிந்து தரையிலிருந்து கண்ணாடி டம்ளரை எடுத்ததைப் பார்த்துவிட்டு, அலமாரி எட்டவில்லையா, ஆள் அனுப்பி இறக்கி மாட்டித் தரச் சொல்லட்டுமா என்றார். எட்டும், மேலே வைத்தால் விழுந்துவிடும் என்றேன். எப்படி விழும் என்று கேட்டார். வீடு ஆடினால் விழும் என்றேன்.

மார்கரெட் டம்ளரை வாங்கிக்கொண்டார். தண்ணீரைக் குடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு தடித்த கேள்வித்தாளை எடுத்து, பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, பிள்ளை பெற்ற தாய்மார்களின் மனநலம் பற்றியது, விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்றார். விருப்பமிருந்தால் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரம்தான் அம்மா போனில் சொன்னாள், எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை, மைன்ஸை, மூடிவிட்டார்கள் என்று. இரண்டும் ஒரே வாரத்தில் வந்திராவிட்டால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

2

எங்கள் ஊரான கோலார் தங்க வயலைப் பற்றி இந்தியாவில் இருப்பவர்களுக்கே பாதிதான் தெரியும். தங்கம் தெரியும். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு தெரியும், சினிமாக்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள். நாங்கள் இருந்தது சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளிகளுக்கென்று ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில். வீட்டுக்குக் கீழே மைல் கணக்கில் பூமியைக் குடைந்து வைத்திருந்தார்கள். அவ்வளவு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் சில நேரம் வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். கீழே வெடித்தால் மேலே எங்கள் வீடு ஆடும். சட்டி பானை குலுங்கும், காரை உதிரும். அதனால் எந்த வீட்டிலும் பாத்திரத்தை உயரத்தில் அடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுப் புத்தர் படத்தைக்கூட ஆணியில் தொங்கவிடாமல் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருந்தார் அப்பா.

வீடு ஆடியவுடன் யாரும் அலறுவதில்லை. முதலில் எந்த ஷிப்ட் என்று பார்ப்போம். நம் வீட்டு ஆள் மேலே இருந்தால் அடுத்த வீட்டைப் பார்ப்போம். அவர்கள் வீட்டு ஆள் கீழே இருந்தால் அந்த அம்மாவோடு நடந்து போய், ஆட்கள் கீழே இறங்கும் ஷாப்ட் அருகே நிற்போம். கூண்டை இறக்கி ஏற்றும் பெரிய சக்கரம் அங்கே உயரத்தில் இருக்கும். அது சுற்றினால் ஆள் மேலே வருகிறது என்று அர்த்தம். கழுத்து வலிக்க அதையே பார்த்துக்கொண்டு நிற்பது எங்களுக்குப் பள்ளிக்கூடம் போவது மாதிரி சாதாரண விஷயம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா அப்படி ஒரு வெடிப்பில் மாட்டிக்கொண்டார். மறுநாள் மேலே வந்தார், உடம்பில் பெரிய காயமில்லை. அவர் பக்கத்தில் நின்று வேலை செய்த முனுசாமி வரவில்லை. உடலைக்கூட எடுக்க முடியவில்லை.

அதன் பிறகு அப்பா சாப்பிட உட்காரும் முன் உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். சோறு ஆறிப்போகும். வீட்டுக்குள் படுக்க மாட்டார், மழையிலும் கட்டில் தெருவில்தான். லைன் ஆட்களுக்குச் சிரிப்பு. "இன்னா சுமதி, உங்கப்பன் பூமிக்கு நாடி புடிச்சிப் பாக்கிறாரா? ஜுரம் கீதாமா அதுக்கு?" என்று என்னைக் கேட்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மறுபடி வேலைக்கு இறங்கலாமா என்று டாக்டர் பார்த்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். அப்பாவும் கன்னடத்திலேயே, "சென்னாகிதீனி சார்" என்றார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லாவிட்டால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். டாக்டர் கேட்டார், அப்பா சொன்னார், முடிந்தது. அடுத்த வாரம் கூண்டில் இறங்கினார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. பயந்துவிட்டார் என்று மட்டும் சொன்னார்கள், அதுவும் போகப் போகச் சரியாகிவிடும் என்ற குரலில்.

3

இப்போது கேள்வித்தாளுக்கு வருகிறேன்.

பக்கம் பக்கமாகக் கேள்விகள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா. நடுவில் ஒன்று: மற்றவர்கள் கவலைப்படாத நேரத்தில் தரையோ சுவரோ அதிர்வதாக உணர்ந்திருக்கிறீர்களா. நான் 'ஆம், பலமுறை' என்பதற்கு எதிரே குறியிட்டேன். உணர்ந்திருக்கிறேனே. இரண்டு பக்கம் தள்ளி இன்னொன்று: பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது மனநோய் உண்டா. 'இல்லை' என்று குறியிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கு மனநோய்?

ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. படித்த பழக்கம் அப்படி. விடை தெரியாவிட்டாலும் எதையாவது எழுதிவிட்டு வா என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. என் பெயர் ஓரிடத்தில்தான் இருந்தது, அதுவும் எழுத்துப்பிழையோடு. மற்ற இடமெல்லாம் ஓர் எண். இனி தொடர்புகொள்ளும்போது அந்த எண்ணைச் சொல்ல வேண்டுமாம். என் பதில்களைக் கணிப்பொறியில் போட்டுப் பார்த்ததில் நான் 'அதிக ஆபத்துள்ள பிரிவில்' வருகிறேனாம். பதற வேண்டாம், நர்ஸ் வாரந்தோறும் வருவார், பல்கலைக்கழகத்தில் ஒருவர் என்னைச் சந்திக்க விரும்புகிறார் என்று இருந்தது. பதற வேண்டாம் என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

என் கணவர் சேகரும் அதே ஊர்தான். ஆனால் அவருடைய அப்பா கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அவர்கள் குவார்ட்டர்ஸில் தோட்டம் உண்டு, வாசலில் பெயர்ப்பலகை உண்டு. லைன் வீட்டுப் பெண்ணைக் கட்டியதில் அவருக்கு வருத்தமில்லை. லைன் வீட்டை நான் ஞாபகப்படுத்தினால்தான் வருத்தம். கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரு உன்ன இதெல்லாம் எழுதச் சொன்னது?"

கேட்டார்கள், எழுதினேன் என்றேன்.

"கேட்டா எழுதிடுவியா? ஒரு கேள்விய உட்டா மார்க்கு போயிடுமா உனக்கு? இந்த ஊர்ல அம்மாவுக்கு மூளை சரியில்லன்னு ஒரு பேப்பர் இருந்தா போதும், புள்ளைங்கள தூக்கிக்கினு பூடுவாங்க. தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அலுவலகத்தில் யாரோ சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தையை மறக்க முடியவில்லை. அதன் பிறகு மார்கரெட் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார், வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்க ஆரம்பித்தேன். அவர் புன்னகைத்தால், எதற்குப் புன்னகைக்கிறார் என்று யோசித்தேன்.

4

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஒரு பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது. கனமான லாரி போனால் தரை லேசாக நடுங்கும். வந்த புதிதில் எப்போதாவது கையை வைத்துப் பார்ப்பேன், லாரிதான் என்று தெரிந்ததும் எழுந்துவிடுவேன். சின்னவன் பிறந்த பிறகு அப்படி எழ முடியவில்லை. லாரிதான் என்று தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று இருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழியும் வரை பார்த்திருக்கிறேன். குழந்தையைத் தொட்டிலில் போட மனமில்லாமல் வாசற்படி நிலைக்கு அடியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். வீடு ஆடினால் நிலைக்கு அடியில் நில் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அவன் தூங்கினாலும் நான் தூங்குவதில்லை.

இது பழக்கமா, வேறு ஏதாவதா? அதிக ஆபத்து என்று கடிதம் வந்ததும் கோபம் வந்தது. கோபம் தணிந்ததும், ஒருவேளை எனக்குத் தெரியாதது அந்தக் கணிப்பொறிக்குத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. சேகரிடம் கேட்கப் பயம். கேட்டால் ஆம் என்று சொல்லிவிடுவாரோ என்று.

மூத்தவள் கயல்விழிக்கு நாலு வயது. நர்சரியில் அவளைச் சுருக்கி 'கே' என்று கூப்பிடுகிறார்கள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மார்கரெட் முன்னால் நான் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் உடனே திருத்துவாள். ஒருநாள் நான் தரையில் கை வைத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று கேட்டாள். நாம் பத்திரமாக இருக்கிறோமா என்று பார்க்கிறேன் என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டாள். பிள்ளைகள் கேட்டதை மறந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

பல்கலைக்கழகத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். பஸ்ஸில் சேகர் எனக்குப் பாடம் எடுத்தார். ஊரில் சுரங்கம் இருந்தது, வெடிக்கும், அதைத்தான் எழுதினேன், இப்போது அதிர்வெல்லாம் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் பேச வேண்டும்.

எங்களைச் சந்தித்தவர் இளைஞர், என் தம்பி வயது. மரியாதையானவர். திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்து விளக்கினார். ஆயிரக்கணக்கான தாய்மார்களின் பதில்கள் உள்ளே இருக்கின்றன. அவர்களில் யார் யார் பின்னால் நோயுற்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்ற விவரமும் இருக்கிறது. நோய் என்றால் என்ன என்று கணிப்பொறிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நோயுற்றவர்கள் எந்தெந்தப் பதில்களைச் சேர்த்து எழுதியிருந்தார்கள் என்று அது தானே தேடிக் கண்டுபிடிக்கிறது. பிறகு புதிதாக ஒருத்தி எழுதினால் அவள் யார் யார் மாதிரி எழுதியிருக்கிறாள் என்று சொல்கிறது. டாக்டர்களே கவனிக்காமல் விட்டவர்களை அது பிடித்துக் கொடுத்திருக்கிறதாம். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

சாம்பியன் ரீப்ஸிலிருந்து ரயிலில் பெங்களூர் போய்க் கணிதம் படித்தவள் நான். அவர் சொன்னது நன்றாகவே புரிந்தது. எதற்காக ஒருத்தி அப்படி எழுதினாள் என்பது அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. எது எதோடு சேர்ந்து வருகிறது என்பது போதும். அந்த ஆயிரக்கணக்கான பேரில் சுரங்கத்து ஊர்ப் பெண்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். அவர் யோசித்தார். எனக்குத் தெரிந்து நீங்கள்தான் முதல் ஆள் என்றார்.

ஏர் பிளாஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன். சேகர் சொல்லிக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன், ஷாப்ட் சக்கரம் வரைக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். அப்படியானால் நீங்கள் உணர்ந்தது உண்மையான அதிர்வு, இந்தக் கேள்வி உங்களுக்குப் பொருந்தாது என்றார். 'ஆம், பலமுறை' என்பதை அழித்து 'இல்லை' என்று மாற்றினார். ஒரு பொத்தானை அழுத்தினார். என் பெயருக்குப் பதிலாக இருந்த அந்த எண்ணுக்கு எதிரே நீண்டிருந்த சிவப்புக் கோடு சுருங்கிப் பச்சையானது.

ஒரே ஒரு பதில். சேகர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இனி வாராவாரம் நர்ஸ் வர வேண்டியதில்லை, அடுத்த வாரம் கடைசியாக ஒருமுறை வந்துவிட்டு ஃபைலை மூடிவிடுவார் என்று சொல்லி அந்த இளைஞர் கைகொடுத்தார்.

திரையின் கீழே இன்னொரு வரி தெரிந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர்: இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உண்மை என்று எழுதியதை அது நோயாக எடுத்துக்கொண்டது. நோயை நான் ஒன்றுமில்லை என்று எழுதினேன், அதை அது அப்படியே நம்பிவிட்டது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவர் கேட்டார். சேகர் அதற்குள் குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நன்றாக இருக்கிறேன் என்றேன்.

கன்னடத்தில் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

6

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். ஷிப்டுக்குச் சங்கு ஊதாததால் பொழுது எப்படிப் போகிறதென்றே தெரியவில்லை என்றாள். ஆட்கள் பெங்களூருக்கு வேலை தேடிக் காலை ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். அப்பா ரிட்டயராகி வருடங்கள் ஆகிறது, அவருக்கு மூடினால் என்ன திறந்தால் என்ன என்று நான் நினைத்திருந்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது? முன்னெல்லாம் சாப்பிடறப்பதான். இப்ப காலைல குந்தினாருன்னா எழுந்திருக்கிறதே இல்லமா. கைய தரையில வெச்சிக்கினு கீறாரு. அப்பறம் கீழ தண்ணி ஏறுதாம், பம்ப நிறுத்திட்டாங்களாம், அதைக் கேட்டுட்டு வந்ததுல இருந்து ரொம்ப மோசம்."

கீழே யாரும் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"சொன்னேன். கீழ ஒரு ஆளு இல்லீங்க, எல்லாரும் மேல வந்துட்டாங்க, மூடியே பூட்டாங்கன்னு. முனுசாமி வரலியேன்றாரு."

அம்மா பேச்சை மாற்றினாள். குழந்தைக்கு இன்னும் சளி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நீ நல்லா கீறியா என்று கேட்டாள். நல்லா இருக்கேம்மா என்றேன். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு வேறு பதிலை யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

போனை வைத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த இளைஞரின் கணிப்பொறியில் அப்பாவின் பதில்களைப் போட்டிருந்தால் சிவப்புக் கோடு திரையைத் தாண்டிப் போயிருக்கும். யாராவது வாராவாரம் வந்து எங்கள் லைன் வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார்கள். அப்பாவிடம் அதையெல்லாம் கேட்க ஆளில்லை. என்னிடம் கேட்டார்கள், பக்கம் பக்கமாகக் கேட்டார்கள், நான் எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்பதை அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டேன். இதைச் செய்வதற்காகவா அப்பா என்னைப் படிக்க வைத்தார்?

7

கடைசி வருகை. மார்கரெட் குழந்தையை எடை போட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தக் கையெழுத்தோடு என் எண் முடிந்துபோகும். சேகர் ஆபீஸில் இருந்தார். மதியம் இரண்டு முறை போன் செய்து, கிளம்பிவிட்டார்களா என்று கேட்டுவிட்டார்.

மார்கரெட் எழுந்து கோட்டில் ஒரு கையை நுழைத்தார். வாசலுக்குப் போகும் வழியில் கயல் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை தரை விரிப்பில் அழுந்தியிருந்தது. கண்ணை மூடியிருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள், நான் சாய்ப்பதில்லை. என் அப்பாதான் அப்படிச் சாய்ப்பார். அவள் தன் தாத்தாவைப் பார்த்ததே கைக்குழந்தையாக இருந்தபோதுதான்.

மார்கரெட் சிரித்துக்கொண்டே, என்ன விளையாட்டு இது கண்ணே என்று கேட்டார். கயல் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள், இந்த ஊர்ப் பிள்ளையின் சுத்தமான ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல். விளையாட்டு இல்லை. நாம் பத்திரமாக இருக்கிறோமா என்று பார்க்கிறேன். அம்மா நாள் முழுக்கப் பார்ப்பாள். இன்று அவளுக்கு நேரமில்லை, நீங்கள் வந்துவிட்டீர்கள்.

மார்கரெட் என்னைப் பார்த்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கம்போல ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

"ஒரு பதில் தப்பாக இருக்கிறது" என்றேன்.

அதுதான் திருத்திவிட்டார்களே என்றார். அது இல்லை, இன்னொன்று என்றேன். அவர் கோட்டிலிருந்து கையை உருவிக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார். கேள்வித்தாளைத் தேடி எடுத்தார். பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது உண்டா? ஆம். யாருக்கு? என் அப்பாவுக்கு. டாக்டர்கள் அதற்கு என்ன பெயர் சொன்னார்கள்? யாரும் பெயர் சொல்லவில்லை. சிகிச்சை? இல்லை. எவ்வளவு காலமாக? நான் ஒன்பதாவது படித்ததிலிருந்து. அதற்கு அங்கே கட்டம் இல்லை, மார்கரெட் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அப்புறம், உங்களுக்கு என்று நிறுத்தினார். எனக்கும் என்றேன். கயலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

கோடு மறுபடி சிவப்பாகும். கடிதம் வரும். இதை எழுதும்போது சேகருக்கு இன்னும் தெரியாது. மாலையில் சொல்ல வேண்டும், அவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும். அவர் பயப்படுவது நடக்காது என்று மார்கரெட் உறுதியாகச் சொன்னார். நான் பாதி நம்பியிருக்கிறேன்.

அத்தனை வருடம் கீழே இறங்கி ஏறிய மனிதருக்கு இருந்தது நோய் என்று முதலில் சொன்னது அவர் மகள். அதுவும் அவரை ஒருவருக்கும் தெரியாத ஊரில், அவருக்குத் தெரியாத மொழியில், அவரைக் கேட்காமல். ஆயிரக்கணக்கான பதில்களுக்கு நடுவே இனி அவரும் இருப்பார். முனுசாமி இருக்க மாட்டார், சக்கரம் இருக்காது, ஆறிப்போன சோறு இருக்காது. என் எண்ணுக்குக் கீழே ஒரு வரி மட்டும் இருக்கும்.

தந்தை: ஆம்.